படத்தைக் காட்டிவிட்டு விழுங்கிய கேமரா

முழுதாகக் கெட்டுப்போன கேமராவைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. தான் கெட்டுவிட்டதை அதுவே சொல்லிவிடுகிறது. பையில் போட்டு மூடிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். நம் உயிரை வாங்குவது பாதி கெட்ட கேமராதான். நேற்று வேலை செய்யும், இன்று செய்யாது. கடையில் செய்யும், கல்யாணத்தில் செய்யாது. ரிப்பேர்காரர் மேஜையில் கொண்டுபோய் வைத்தால், பெண் பார்க்க வந்த வீட்டில் காபித் தட்டோடு நிற்கிற பிள்ளை மாதிரி அத்தனை அடக்கமாக இருக்கும்.

நீங்கள் இப்போதுதான் இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கிறீர்கள். நல்ல கேமரா எது என்று சொல்ல உங்கள் போனிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மோசமான கேமராவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வைத்திருந்தவர்களுக்கு வெட்கம். எனக்கு வெட்கமெல்லாம் இல்லை, எரிச்சல்தான் இருக்கிறது. சங்கரன்கோவிலில் கடை வைத்து, சடங்கு, வளைகாப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் என்று முட்டி தேய்கிற வரைக்கும் ஓடிய பெண் நான். எனக்கு வாய்த்ததைப் போன்ற கேமராக்கள் என் எதிரிக்கும் வாய்க்க வேண்டாம்.

முதல் கேமரா ஃபிலிம் காலத்தது. ஒவ்வொரு படத்துக்கும் லீவரைத் தள்ளினால் உள்ளே ஃபிலிம் நகர வேண்டும். இதில் லீவர் நகரும், மேலே இருக்கிற எண் நகரும், ஃபிலிம் மட்டும் அதற்குத் தோன்றினால் நகரும். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பூப்புச் சடங்கு வீட்டில் எடுத்த ரோலைக் கழுவிப் பார்த்தேன். சடங்கான பெண், அவளுடைய தாய்மாமன், சீர்த்தட்டு, வாசலில் விருந்துக்காகக் கட்டியிருந்த கிடா, அத்தனையும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. கிடாவின் கொம்பு தாய்மாமனின் தலையில் அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது. அந்த மாமன் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு நான் எண்ணை நம்பியதே இல்லை. லீவரைத் தள்ளும்போதெல்லாம் இடது ஓரத்தில் இருக்கிற குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படம்.

இரண்டாவது, டிஜிட்டல் வந்த புதிதில் வாங்கிய ஒரு சின்னக் கேமரா. கைக்குள் அடங்கும், பார்க்க அழகாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் யோசிக்கும். யோசித்து முடித்த பிறகு எடுக்கும். எங்கள் சபையில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். சபைப் போதகரான ஐயர் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்தபோது சரியாக அழுத்தினேன். படத்தில் ஐயர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேக் வெட்டும்போது அழுத்தினால் கேக்கை எல்லாரும் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கேமராவில் எடுத்த மனிதர்கள் அத்தனை பேரும் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற முகத்தோடு இருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு பட்ட பாட்டில் ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சியது. நடந்ததைப் பார்த்து அழுத்தாமல், நடக்கப்போவதைப் பார்த்து அழுத்துவது. கையை விடவும் கண் முந்திப் போக வேண்டும். எத்தனை நல்ல கேமரா வாங்கினாலும் இது உங்களுக்கும் வேண்டியதுதான்.

ஆனால் இவை இரண்டும் வெறும் சோம்பேறிகள். மூன்றாவதாக வந்தது பொய் சொல்லும்.

அதை மதுரையில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். பெரிய கேமரா, லென்ஸ் மாற்றுகிற வகை, கழுத்தில் மாட்டினால் மண்டபத்தில் நமக்கு ஒரு மரியாதை. வாங்கி ஒரு மாதம் வரைக்கும் அருமையாக இருந்தது. பிறகு தன் குணத்தைக் காட்டியது. படம் எடுக்கும். எடுத்த படத்தைத் திரையில் பளிச்சென்று காட்டும். நாமும் திருப்தியாக அடுத்த வேலைக்குப் போவோம். அந்தப் படம் மெமரி கார்டில் இருக்காது. காட்டிவிட்டு விழுங்கிவிடும். அது மட்டும் போதாதென்று சில சமயம் அழுத்தியதும் உள்ளே கண்ணாடி மேலே போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணை வைத்துப் பார்க்கிற பார்வைக்குழியில் ஒரே இருட்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் கீழே இறங்கும்.

திருநெல்வேலியில் ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் எடுத்தார், எல்லாப் படமும் கார்டில் இருந்தது. சிரித்துக்கொண்டே, நல்லாத்தானக்கா இருக்கு என்றார். பஸ் ஏறி ஊருக்கு வந்து எடுத்தேன், படம் இல்லை. மறுபடியும் போனேன். மறுபடியும் நல்லாத்தானக்கா இருக்கு. கடைசியில் அவர் கேமராவை விட்டுவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கார்டை மாற்றிப் பார்த்தேன், பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், ஜெபமும் பண்ணிப் பார்த்தேன்.

அப்படிப்பட்டதை ஏன் கல்யாணத்துக்குக் கொண்டுபோனாய் என்று கேட்பீர்கள். என்னிடம் நல்ல கேமரா ஒன்றும் இருந்தது. அன்றைக்கு ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். பெரிய கல்யாணத்துக்கு என்னோடு வேலை செய்தவரிடம் நல்லதைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சின்னக் கல்யாணத்துக்கு இதைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். சின்னக் கல்யாணம், சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆள் குறைவான கல்யாணத்தில்தான் ஒவ்வொரு படமும் கனம். ஆயிரம் பேர் வந்த இடத்தில் ஒரு படம் போனால் யாருக்கும் தெரியாது.

பெண்ணின் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரி. அம்மா அவளுடைய சின்ன வயதிலேயே போய்விட்டாள், அப்பாதான் வளர்த்தார். மாப்பிள்ளை இங்கே ஒரு நூல் கடையில் வேலை பார்த்தார். செல்வியே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. அப்பாவுக்குச் சம்மதமில்லை. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நம் பக்கத்தில் இந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்துவிடும். பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து அவளோடு படித்த தோழிகளைத் தவிர ஒருவரும் வரவில்லை. வீடியோ வேண்டாம், போட்டோ மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

தாலி கட்டுகிறவரைக்கும் கேமரா ஒழுங்காக இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் திரையில் பின்னால் தள்ளி, கார்டில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். முகூர்த்தம் முடிந்து கூட்டம் முழுவதும் பந்திக்குப் போனபோது அப்பாடா என்று இருந்தது. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளையின் சிநேகிதன் இசக்கி, நாற்காலிகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல், நடுவில் விரித்திருந்த கம்பளத்தின் மேலே நேராக நடந்து வந்தார். செல்வி எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வந்திருப்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மேடை ஏறினார். தட்டில் மிச்சமிருந்த அட்சதையை எடுத்து மகள் தலையில் போட்டார். மாப்பிள்ளை குனிந்தார், அவர் தலையில் போடவில்லை. மகளுக்குப் பக்கத்தில் திரும்பி நின்று என்னைப் பார்த்தார். எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க என்றார். அழுத்தினேன். திரையில் படம் தெரிந்தது. மூன்று பேரும் தெளிவாக இருந்தார்கள். சரி என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், அவர் இறங்கி வந்த வழியே போய்விட்டார். பந்தியில் இருந்த யாருக்கும் அவர் வந்ததே தெரியாது.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் நான் கேமராவில் பின்னால் தள்ளிப் பார்த்தேன். படம் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. அத்தனை நேரம் தாம்பூலத் தட்டையும், நாதஸ்வரக்காரரின் தொப்பையையும் ஒழுங்காகச் சேமித்து வைத்த கேமரா, இந்த ஒரு படத்தைப் பார்த்துத்தானா விழுங்க வேண்டும்? அதைச் சுவரில் அடித்து உடைக்கலாம் போல இருந்தது. இசக்கி என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் போட்டுவிட்டு வந்தான். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவன் நல்ல பையன், உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னான்.

“விடுங்கக்கா. செல்வி போன்ல அவுக அப்பா படம் ஏதாவது இருக்கும். கம்ப்யூட்டர்ல பக்கத்துல ஒட்டிரலாம்லா. யாருக்குத் தெரியப் போவுது?”

ஒட்டுகிற வேலை எனக்குத் தெரியாததா? இறந்துபோன அப்பாக்களை எத்தனையோ கல்யாண ஆல்பத்தில் மகள் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். குடும்பத்தார் கேட்டுச் செய்தது. அவர்களுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். ஆனால் இவர் உயிரோடு இருக்கிறார். அத்தனை பிடிவாதத்தையும் விட்டுவிட்டு, பைக் ஓட்டிக்கொண்டு தானாகவே வந்து நின்றிருக்கிறார். இவரை ஒட்டி வைத்தால், பார்க்கிறவர்கள் ஒட்டின இடத்தைக் கண்டுபிடித்து, அப்பன் வரவே இல்லை, படத்தில் வரவழைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். உண்மையாக வந்தவர் வராதவர் ஆகிவிடுவார். நான் தலையை ஆட்டினதை நம்பித்தான் அவர் கீழே இறங்கினார். யோசிக்க நேரம் இல்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன்.

மண்டபத்துக்கு எதிரே பைக்கில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். கூப்பிட்டது காதில் விழவில்லை. பைக்குக்கு முன்னால் போய் நின்றேன். எரிச்சலோடு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“அண்ணாச்சி, படம் விழல. ஒரு நிமிசம் திரும்ப வரணும்.”

“நீங்க தலைய ஆட்டுனீகள்லா?”

“ஆட்டினேன். படம் தெரிஞ்சுது, அதான் ஆட்டினேன். உள்ள போய்ப் பாத்தா இல்ல.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அவ சொல்லி அனுப்புனாளா?”

“இல்ல. அவளுக்கு இன்னும் விசயமே தெரியாது. நானாத்தான் வாரேன்.”

அவர் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதில் தப்பும் இல்லை. சாப்பிட வைக்க, பேச வைக்க, யாரோ செய்கிற தந்திரம் என்று நினைத்தார். வேறு வழியில்லாமல் கேமராவை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, கார்டில் கடைசியாக எந்தப் படம் இருக்கிறது என்று காட்டினேன். உங்கள் படம் இருந்தால் இங்கேதான் இருக்க வேண்டும், பாருங்கள் என்றேன். அங்கே மாப்பிள்ளை வீட்டார் நிற்கிற படம் இருந்தது. நிரூபிக்கிற அவசரத்தில் இன்னும் பின்னால் தள்ளினேன். தாலி கட்டுகிற படம் வந்து நின்றது. செல்வி குனிந்திருந்தாள்.

அது அவர் பார்க்க வேண்டாம் என்று ஒதுங்கி இருந்த படம். அதைப் பார்த்தபடியே இருந்தார். வெயிலில் திரை சரியாகத் தெரியாததால் உள்ளங்கையை அதற்கு மேலே குடை போலப் பிடித்தார். பிறகு சாவியைத் திருப்பி பைக்கை அணைத்தார். ஒரு நிமிசந்தான் என்றார்.

திரும்பி மேடைக்கு வந்தோம். அப்பா மறுபடி வருவதைப் பார்த்து செல்வி பயந்துபோனாள். ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டாள். படம் விழவில்லை, வேறொன்றும் இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். அவர் முன்பு நின்ற இடத்திலேயே வந்து நின்றார். பழக்கத்தில் கேமராவைத் தூக்கினேன், அழுத்தினேன். கண்ணாடி மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஒரே இருட்டு.

பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். இன்னொரு முறை நம்பிப் பார்த்திருக்கலாம். இருபதடி தள்ளி ஒரு நாற்காலி இருந்தது. அதன் மேல் கேமராவை வைத்துவிட்டு, என்னுடையது வெறும் பட்டன் போன் என்பதால், இசக்கியிடம் போனைக் கேட்டேன்.

“செல்லுலயா எடுக்கப் போறீக?” என்றார் செல்வியின் அப்பா. குரலில் எரிச்சல் இருந்தது.

இந்தப் பாழாய்ப்போனதை நம்பி உங்களை இன்னொரு தடவை கூப்பிட எனக்கு முகம் இல்லை என்றேன். இசக்கியின் போனின் மேல்கண்ணாடி மூலையில் விரிசல் விட்டிருந்தது. சரி, லென்ஸில் விரிசல் இல்லை. பொத்தானைத் தொட்டேன். இடம் இல்லை, எதையாவது அழியுங்கள் என்று போன் சொன்னது. நான் அன்றைக்கு அழாமல் இருந்ததே பெரிது. அவன் அவசரமாக வாங்கி, குட்மார்னிங் ரோஜாப்பூக்களையும் யாரோ அனுப்பிய சிரிப்பு வீடியோக்களையும் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான். அதுவரை மூன்று பேரும் மேடையில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அவராவது போயிருக்கலாம். போகவில்லை, படம் விழ வேண்டுமே.

கடைசியில் அவர்தான் பேசினார், முகத்தைத் திருப்பாமல்.

“சாப்டியா?”

“இன்னும் இல்லப்பா.”

“காலையில?”

“காப்பி குடிச்சேன்.”

“வெறும் வயித்தோடயா இவ்வளவு நேரம் நிக்கே?” என்று கேட்டுக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை மெல்ல, இட்லி கொண்டுவரச் சொல்கிறேன் மாமா என்றார். அந்த மாமாவுக்கு அவர் பதில் சொல்லவில்லை. அப்படிக் கூப்பிடாதே என்றும் சொல்லவில்லை. இசக்கி போனை நீட்டினான். நான் படம் எடுத்தேன். போனிலேயே பெரிதாக்கிப் பார்த்தேன். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். இருந்தது. பிறகுதான் அவரைப் பார்த்து, விழுந்துருச்சு அண்ணாச்சி, போயிட்டு வாங்க என்றேன். அவர் போய்விட்டார். சாப்பிடவில்லை. செல்வி இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், அந்தக் கேமரா கெட்டதும் நல்லதுக்குத்தான் என்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கேமரா ஒரு நல்லதும் செய்யவில்லை. அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ஒரு வெற்றிடம்தான் மிச்சம். கெட்ட கருவிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தக் கேமராவைத் தூக்குவதை நான் அன்றோடு நிறுத்தினேன். பழைய கேமரா வாங்குகிறவர் வந்து கேட்டார், கொடுக்கவில்லை. என்னைப் போல இன்னொருத்தி அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா?

உங்களுக்குச் சொல்வது இதுதான். படம் விழவில்லை என்று தெரிந்தால் அந்த ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள், முகம் சுளிப்பார்கள், உங்களுக்கு வேலை தெரியாது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். சொல்லட்டும். வீட்டுக்குப் போய்ச் சரி செய்துகொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சில ஆட்கள் ஒரே தடவைதான் வருவார்கள். தலையை ஆட்டுவதற்கு முன்னால் கார்டைப் பாருங்கள். கழுத்தில் தொங்குகிறதன் கௌரவத்துக்காக அதைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். பக்கத்தில் எது வேலை செய்கிறதோ அதில் எடுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து செல்வியின் அப்பா என் கடைக்கு வந்தார். பாஸ்போர்ட் படத்துக்காக இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர்கள் எடுத்துவிட்டுப் போகிறவரை வெளியிலேயே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, அன்னைக்கு எடுத்த படம் இருக்கா என்றார். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே அதைக் கவனித்து, நான் உங்களப் பாக்கலியே, வேற படம் இல்லையா என்று கேட்டார். இது ஒன்றுதான் இருக்கிறது என்றேன். சரி, இதில் ஒரு பிரிண்ட் வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பையன எடுத்துட்டு, எங்க ரெண்டு பேர மட்டும் போட்டுத் தருவீகளா? இப்பம் அதெல்லாம் பண்ணலாம்லா?”

பண்ணலாம் என்று சொல்லிவிட்டு, படத்தைப் பெரிதாக்கினேன். அவர் திரும்பி வந்த பயத்தில் செல்வி மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள். லேசாகப் பிடிக்கவில்லை. விரல்களுக்குள் விரலைக் கோத்து இறுக்கியிருந்தாள். நான் பென்சிலின் நுனியால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

“இவர வெட்டினா இந்தக் கை மட்டும் இங்கன நிக்கும் அண்ணாச்சி. கையையும் அழிச்சா பிள்ள விரலும் சேந்து போயிரும்.”

அவர் மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றி, திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். எந்த விரல் யாருடையது என்று பிரித்துப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

“பிள்ள விரல வெட்ட வேண்டாம்” என்றார். பிறகு நிமிர்ந்து, “அவனும் நிக்கட்டும்” என்றார்.